நான்கு வருட வெல்டிங் வேலை, கையில் ஒரு சான்றிதழும் இல்லை: அடுத்து என்ன செய்வது?

வாசகர் கடிதம்

கொட்டாஞ்சேனையிலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு தடவையும் கணிதம் சித்தியடையவில்லை. சில காலம் கடையொன்றில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிரில் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறார். நான்கு வருடம் ஆகிவிட்டது. இன்று கேட், ஜன்னல் கிரில், தண்ணீர்த் தாங்கி வைக்கும் மேடை, கூரைச் சட்டம் எல்லாவற்றையும் தனியாகவே அளந்து, வெட்டி, ஒட்டி முடிக்கிறார். நாள் கூலி 2,500 ரூபாய், மாதம் 24 நாள் வேலை. ஊழியர் சேமலாப நிதி கிடையாது. "நாள் கூலிக்காரனுக்கு அது இல்லை" என்பது முதலாளியின் பதில். அப்பா செட்டியார் தெருவில் நகை செய்பவர். மகன் இரும்பு வேலைக்குப் போனது அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால், "மகன் கம்பனி ஒன்றில் இருக்கிறான்" என்று சொல்லிவிடுகிறாராம்.

இப்போது இரண்டு பேர் இவரைச் சுற்றி வருகிறார்கள். ஒருவர், மூன்று வாரத்தில் "சர்வதேச 6ஜி சான்றிதழ்" தருவதாகச் சொல்லி 1,75,000 ரூபாய் கேட்கும் தனியார் பயிற்சி நிலையத்துக்காரர். மற்றவர், சுற்றுலா விசாவில் ஐரோப்பிய நாடொன்றுக்கு அனுப்பி, போன பிறகு வேலை விசாவாக மாற்றித் தருவதாக 9 இலட்சம் கேட்கும் முகவர். அதற்காக அம்மா தன்னுடைய காப்புகளை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். அவை அப்பா தன் கையால் செய்தவை.

கடிதம் இப்படி முடிகிறது: "கணிதம் சித்தியில்லாதவனுக்கு அரசாங்கச் சான்றிதழ் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். மூன்று வாரப் பயிற்சிக்குப் போவதா, நேரே வெளிநாட்டுக்குப் போவதா, இல்லையென்றால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவதா?"

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மூன்று வழிகளைச் சொல்லி எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காவது வழி ஒன்று உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டியதால் அது கடிதத்தில் வரவில்லை. அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். ஆனால் ஆலோசகராக வருவதற்கு முன் பல ஆண்டுகள் வெல்டிங் போதனாசிரியராக இருந்தவன் நான். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு விஷயம் என்னை நிறுத்திவிட்டது. அதை முதலில் பேசாமல் மற்றதைப் பேச மனம் வரவில்லை.

கண்ணில் மணல்

"மாதத்தில் இரண்டு மூன்று நாள் இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல இருக்கும், மறுநாள் சரியாகிவிடும், இந்த வேலையில் எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் வருகிறது என்பது உண்மைதான். அதனால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகிவிடாது. வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்படலத்தைச் சுட்டுவிடுகிறது. கடற்கரை வெயிலில் தோல் வெந்து போவது போன்ற காயம் அது. படும்போது ஒன்றும் தெரியாது. பல மணித்தியாலம் கழித்து, நீங்கள் படுக்கப்போன பிறகு எரியத் தொடங்கும். அதனால்தான் அந்த எரிச்சலையும் மத்தியானம் முகக்கவசம் இல்லாமல் வைத்த நாலு புள்ளி ஒட்டையும் உங்கள் மனம் சேர்த்துப் பார்ப்பதில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒட்டுவதும், வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வதும் பாதுகாப்பு அல்ல. உங்கள் பட்டறையில் ஓடும் மின்னோட்டத்துக்கு 10 அல்லது 11ஆம் எண் வெல்டிங் கண்ணாடி தேவை. கையால் தூக்கிப் பிடிக்கும் கவசத்துடன் புள்ளி வைப்பது சிரமம் என்றால், தானாக இருளும் கண்ணாடி பொருத்திய தலைக்கவசம் ஒன்றை வாங்குங்கள். அது இருளாமல் தெளிவாக இருக்கும் நேரத்திலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். பிறருக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். பக்கத்தில் நின்று இரும்பைப் பிடித்துத் தரும் பையனுக்கும் கண் இருக்கிறது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் அவனைச் சுடும். இவ்வளவு தடவை உங்களுக்கு வந்திருப்பதால் ஒருமுறை கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். நான் வைத்தியன் அல்லன். கருவிழியில் தழும்பு இருக்கிறதா என்பதை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று புகை. ஜீ.ஐ. குழாய் ஒட்டிய நாளில் இரவு குளிர்காய்ச்சல் வருவதாகவும், பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்று முதலாளி சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழாயின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு எரிந்து எழும் வெண்புகைதான் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஒன்றை மற்றது கழுவாது. ஒட்டும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரால் நீக்கிவிட்டு ஒட்டுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்து புகையை முகத்திலிருந்து விலக்கும்படி நில்லுங்கள். கைக்குட்டை கட்டுவதை விட்டுவிட்டு, உலோகப் புகையைத் தடுக்கும் சுவாசக் கவசத்தைக் கேட்டு வாங்குங்கள். உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் எல்லா வகை வெல்டிங் புகையையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்தது. உங்களைப் பயமுறுத்தி ஓட வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்னும் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்க வேண்டிய நுரையீரல் அது.

கணிதம் சித்தியில்லை என்ற பூட்டு

இனி நான்காவது வழி. "அரசாங்கச் சான்றிதழ் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்" என்கிறீர்கள். தம்பி, நீங்கள் தெரிந்து வைத்திருப்பது தவறு.

இலங்கையில் தேசிய தொழில் தகைமை என்ற முறை இருக்கிறது. என்.வி.கியூ. என்று சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். அது ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு இணையானது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதற்குப் பொறுப்பு. இந்தத் தகைமையைப் பெற இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்து முடிப்பது. சில பாடநெறிகளுக்கு பாடசாலைப் பெறுபேறு கேட்பார்கள், நீங்கள் கேள்விப்பட்டது அதைத்தான். மற்றது, ஏற்கெனவே வேலை செய்து கற்றவர்களுக்கானது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். அங்கே நீங்கள் எந்தப் பாடத்தில் சித்தியடைந்தீர்கள் என்பது கேள்வியல்ல, உங்கள் கைக்கு என்ன தெரியும் என்பதே கேள்வி. மதிப்பீட்டாளர் உங்கள் அனுபவத்துக்கான ஆதாரங்களைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். தேறினால் உங்களுக்குக் கிடைப்பது, நிலையத்தில் இருந்து படித்தவருக்குக் கிடைக்கும் அதே தகைமை.

நைட்டா என்று எல்லோரும் அழைக்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் அலுவலகம் இராஜகிரியவில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. இரண்டில் எங்காவது நேரில் போய், "வெல்டர் தொழிலுக்கு முன்கற்றல் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்" என்று கேளுங்கள். சிங்களத்தில் எழுத வராது என்ற தயக்கம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் கொழும்பில் இருக்கும் உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை தருகிறது. மதிப்பீடு தமிழில் வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் முதல் நாளே சொல்லுங்கள். கடைசி நாளில் சொன்னால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

ஆதாரங்களை இப்போதிருந்தே சேருங்கள். செய்த வேலைகளின் படங்களை, வெட்டிப் பொருத்திய நிலையிலும் ஒட்டி முடித்த நிலையிலும் பூச்சடித்த பிறகும் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய அளவுக் குறிப்புகள் தொலைபேசியில் இருந்தால் அழிக்காதீர்கள். முதலாளியிடமிருந்து, எந்தத் திகதியிலிருந்து என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்ற கடிதம் ஒன்றை வாங்குங்கள். இந்தக் கடிதத்தைப் பற்றிப் பின்னால் இன்னொரு முறை சொல்வேன்.

கணிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கேட் சட்டத்தை நிலத்தில் கிடத்தி, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்து மூலையைச் சரிசெய்வதாக எழுதியிருக்கிறீர்களே, அது வகுப்பில் உங்களுக்கு விளங்காமல் போன பைதகரஸ் தேற்றம். நான்கு வருடமாகத் தினமும் அதைச் செய்துகொண்டு, "எனக்குக் கணக்கு வராது" என்று எழுதுகிறீர்கள். மதிப்பீட்டுக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது வேறு: தொழில்நுட்ப வரைபடம் வாசிப்பது, வெல்டிங் குறியீடுகள், பாதுகாப்பு விதிகள். கிரில் பட்டறையில் இவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை.

6ஜி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

அந்த மூன்று வாரப் பயிற்சிக்கு வருகிறேன். 6ஜி என்பது பொய்யான சொல் இல்லை. குழாயை 45 பாகை சாய்வில் அசையாதபடி பொருத்திவிடுவார்கள். குழாய் திரும்பாது, வெல்டர்தான் குனிந்தும் சரிந்தும் அண்ணாந்தும் அதைச் சுற்றிவந்து ஒட்ட வேண்டும். ஒரே குழாயில் எல்லா நிலைகளும் வந்துவிடுவதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

ஆனால் உங்கள் கைக்கு இன்று தெரிந்தது எது என்று நிதானமாகப் பாருங்கள். நீங்கள் ஒட்டுவது ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள பெட்டிக் குழாய். கையில் 6013 ரொட், அதாவது பூச்சுள்ள வெல்டிங் கம்பி. இரண்டு சென்டிமீட்டர் ஒட்டிவிட்டு நிறுத்துகிறீர்கள், கிரைண்டர் போட்டு மட்டமாக்குகிறீர்கள், பள்ளம் இருந்தால் பட்டி பூசுகிறீர்கள், மேலே பெயின்ட். அந்த வேலைக்கு அது போதும், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். மெல்லிய தகட்டை ஓட்டை விழாமல் ஒட்டுவதற்கே நல்ல கை வேண்டும். அழுத்தக் குழாயிலோ கப்பலிலோ கதை வேறு. அங்கே பத்து மில்லிமீட்டர் தகட்டைச் சாய்த்து வெட்டி, இடைவெளி விட்டு, அடியில் ஓடும் முதல் ஓட்டம் மறுபுறம் வரை உருகி இறங்கி ஒரே சீராக நிற்க வேண்டும். அதன்மேல் ஒவ்வொரு அடுக்காக ஏற்ற வேண்டும். அந்த வேலைக்கு எடுக்கும் 7018 ரொட்டைத் திறந்த பெட்டியில் வைத்தால் நம் கொழும்புக் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஐதரசன் ஒட்டுக்குப் பக்கத்திலுள்ள உருக்கில் புகுந்து, ஒட்டி முடித்துப் பல மணித்தியாலம் கழித்துக்கூட வெடிப்பு உண்டாக்கும். அதனால் அந்த ரொட்டைச் சூடான அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். ஒட்டிய துண்டைப் பிறகு வளைத்துப் பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். பெயின்டுக்கு அடியில் ஒளிய அங்கே இடமில்லை.

மூன்று வாரத்தில் இது வருமா? செங்குத்தாக மேல்நோக்கி ஒட்டிப் பழகிய கைக்கு வரலாம். தரையில் கிடத்தி ஒட்டிப் பழகிய கைக்கு வராது என்பது நான் நேரில் கண்ட அனுபவம். என்னிடம் வந்த பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள்கூட, உருகி நிற்கும் அந்தச் சின்னக் குட்டையைப் பார்க்கப் பழகவே வாரக்கணக்கில் எடுத்தார்கள். புதியவன் ஒளியைப் பார்ப்பான். பழகியவன் ஒளிக்குப் பின்னால் குட்டையின் ஓரம் தகட்டைப் பிடிக்கிறதா, கசடு முந்துகிறதா என்று பார்ப்பான். அது பேசிப் புரிய வைக்க முடியாதது. ரொட் எரித்து எரித்துத்தான் வரும்.

அந்தச் சான்றிதழைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லாத இன்னொன்று, அது ஆயுளுக்கும் செல்லுபடியாகாது. வெல்டர்களின் தகுதிச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9606இன்படி, அந்த முறையில் நீங்கள் தொடர்ந்து வேலை செய்கிறீர்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.ஈ.) விதியிலும் ஆறு மாதம் அந்த முறையில் ஒட்டாவிட்டால் தகுதி போய்விடும். இந்த மாதம் 6ஜி எடுத்து, அடுத்த ஒரு வருடம் மறுபடியும் ஜன்னல் கிரில் ஒட்டினால், கையில் இருப்பது சட்டம் போட்டு மாட்டும் படம் மட்டும்தான். அதுபோக, நல்ல நிறுவனம் எதுவும் பழைய சான்றிதழை மட்டும் பார்த்து ஆளை எடுக்காது. தன்னுடைய வேலைமுறைக்கு ஏற்றபடி தானே சோதனை வைக்கும்.

ஆகவே அந்த நிலையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் போய்க் கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? சான்றிதழ் எந்தத் தரத்தின்படி? சோதனையை மேற்பார்வை செய்து கையெழுத்திடுபவர் யார், அவர் நிலையத்துக்கு வெளியே உள்ளவரா? எந்த முறை, எந்த விட்டமுள்ள குழாய், என்ன தடிப்பு? கடைசியாக, ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோ ரொட் எரிக்கத் தருவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே உங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். ரொட்டை எண்ணி எண்ணித் தரும் இடத்தில் கை தேறாது.

அதே பயிற்சியைக் குறைந்த செலவிலோ செலவே இல்லாமலோ பெறும் இடங்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பஸ் போதும். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. மொரட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வேலையை விடாமல் வரக்கூடிய வார இறுதி வகுப்பு அல்லது குறுகிய கால வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். ஆர்கன் வெல்டிங் கிடைத்தால் அதை விடாதீர்கள். ஹோட்டல் சமையலறை, பால் பதனிடும் ஆலை, மருந்து உற்பத்தி என்று துருப்பிடிக்காத உருக்கு ஒட்டத் தெரிந்தவருக்கு இந்த நகரத்திலேயே வேலை இருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் திருத்தும் தளமும், சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமும், களனிதிஸ்ஸ மின்நிலையமும் வெல்டர் இல்லாமல் ஓடாது. கிரில் பட்டறைக்கும் வெளிநாட்டுக்கும் இடையில் இத்தனை படிகள் இருப்பதை உங்கள் கடிதத்தில் காணவில்லை.

நாள் கூலியும் சேமலாப நிதியும்

உங்கள் முதலாளி சொன்னது சட்டப்படி சரியல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நாள் கூலி, மாதச் சம்பளம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நிரந்தரமானவரோ தற்காலிகமானவரோ, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உரிமை உண்டு. உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். நீங்கள் சொன்ன கூலிப்படி மாத வருமானம் 60,000 ரூபாய். அதற்கு 4,800 உங்கள் பங்கு, 7,200 முதலாளியின் பங்கு, 1,800 நம்பிக்கை நிதியம். நான்கு வருடத்தில் இது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் கூலி குறைவாக இருந்திருக்கும், ஆனாலும் சின்னத் தொகை அல்ல.

நாரஹேன்பிட்டி கிருள வீதியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். செய்ய வேண்டுமா, எப்போது செய்ய வேண்டும் என்பதுதான் யோசிக்க வேண்டியது. "வீதியில் நின்ற எனக்கு ரொட் பிடிக்கக் கற்றுத் தந்தவர் அவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றி உங்களுக்கு அழகு. முதலில் அவரிடம் தனியாக, மரியாதையாக, "அண்ணன், இந்த மாதத்திலிருந்தாவது என்னைப் பதிவு செய்யுங்கள்" என்று கேளுங்கள். சின்னப் பட்டறை முதலாளிகள் பலருக்குச் சட்டமே சரியாகத் தெரியாது. மறுத்தால் திணைக்களம் இருக்கிறது. ஆனால் நான் முன்பு சொன்ன அனுபவக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். பேச்சு முறிந்தால் அந்தக் கடிதம் கிடைக்காமல் போகலாம். அதுவரை ஒரு சின்னக் கொப்பியில் வேலை செய்த நாள், பெற்ற கூலி, உடன் வேலை செய்தவர் பெயர் என்று தினமும் எழுதி வையுங்கள். முறைப்பாடு செய்யும் நாள் வந்தால் அந்தக் கொப்பி பேசும்.

வேலையில் காயப்பட்டால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1934ஆம் ஆண்டிலிருந்தே வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது வேலையால் ஏற்படும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு தர வேண்டும். அதற்காகக் காயப்பட வேண்டாம். டீசல், தின்னர் இருந்த பழைய பீப்பாயையோ வாகனத் தாங்கியையோ ஒட்டச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், கழுவிவிட்டோம் என்று சத்தியம் செய்தாலும் தொடாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் எச்சம் சூடேறும்போது ஆவியாகும். மூடிய பீப்பாய்க்குள் அந்த ஆவி தீப்பிடிப்பது வெடிகுண்டுக்குச் சமம்.

ஒன்பது இலட்சம்

வெளிநாட்டுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வெல்டர்கள் நல்ல சம்பளத்தில் பல நாடுகளில் இருக்கிறார்கள். நீங்கள் போகவிருக்கும் விதத்தைத்தான் மறுக்கிறேன். சுற்றுலா விசா வேலை செய்யும் அனுமதி அல்ல. "போன பிறகு மாற்றித் தருவோம்" என்ற பேச்சை நம்பிப் போனவர், அங்கே வேலையில் இறங்கிய நிமிடத்திலிருந்து சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். சம்பளம் தராவிட்டால் முறையிட முடியாது. கையில் தீப்பட்டால் வைத்தியசாலைக்குப் போகப் பயம். ஒப்பந்தமே இல்லாதவருக்காகத் தூதரகம் செய்யக்கூடியதும் கொஞ்சம்தான்.

வேலைக்காக நாட்டை விட்டுப் போகும் ஒவ்வொருவரும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது அது, பத்தரமுல்லையில் இருக்கிறது. முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அவர் சொல்லும் அந்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்ற இரண்டையும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இருப்பவரிடமும் இல்லாத வேலை இருக்கலாம். அதனால் இரண்டையும் கேட்க வேண்டும். பற்றுச்சீட்டு தராமல் வாங்கப்படும் பணம் திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குப் பேச்சு "நம்ம பையன்" என்று சொல்லும் முகவர், நிறுவனத்தின் பெயரை மட்டும் இதுவரை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பொடி வைத்து ஊதுகிற பேச்சு அது. அப்பாவிடம் கேளுங்கள், அந்தச் சொல்லே அவர் தொழிலிலிருந்து வந்தது.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் அவர் சொன்னபடியே நடந்து, மாதம் 60,000 ரூபாய் உங்களால் வீட்டுக்கு அனுப்ப முடிந்தாலும், 9 இலட்சத்தின் முதலை மட்டும் அடைக்கப் பதினைந்து மாதம். அடகு வட்டி தனி. அந்தப் பதினைந்து மாதமும் அம்மாவின் கை வெறுமையாக இருக்கும். இதையே தகைமைச் சான்றிதழும் செங்குத்தாக ஒட்டும் திறமையும் கையில் இருக்கும்போது செய்தால், பணியகத்தின் அனுமதியுடன் கொழும்பில் நடக்கும் தொழிற்சோதனைக்குப் போய், துண்டை ஒட்டிக் கொடுத்துவிட்டு, என்ன சம்பளம் என்று நீங்கள் கேட்கலாம்.

தொழிலை விட்டுவிடுவதா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு, கண் வைத்தியர் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, என் பதில் இல்லை என்பதுதான். ஐம்பது வயதில் முதுகும் முழங்காலும் இதே வேலையைத் தாங்குமா என்ற பயம் நியாயமானது. என்.வி.கியூ. நான்காம் மட்டத்துக்குப் பிறகு டிப்ளோமா இருக்கிறது. மேற்பார்வை, பரிசோதனை, போதனை என்று கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யும் வேலைகளுக்கு அது பாதை. இரத்மலானையிலுள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை அந்தப் பாதை போகிறது.

அப்பா

அப்பாவின் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது. கடிதத்தில் அவரைப் பற்றி வரும் இடத்திலெல்லாம் பேனா அழுந்தியிருக்கிறது. அவரை வேறு விதமாகப் பார்க்க முடியுமா என்று யோசித்தேன். அவர் தினமும் செய்வதும் ஒட்டு வேலைதான். காப்பின் இரண்டு முனையையும் சேர்த்து, வெண்காரம் தடவி, பற்றாசுப் பொடி வைத்து, ஊதுகுழலால் தீயைச் சாய்த்து ஊதுகிறார். வெண்காரம் எதற்கு? காற்றுப் பட்டு உலோகம் கறுத்துவிடாமல் மூடி, பொடியை ஓட வைக்க. உங்கள் ரொட்டின் மேலுள்ள பூச்சு செய்வதும் அதே வேலை. எரிந்து வாயுவாகியும் கசடாகியும் உருகிய குட்டையைக் காற்றிலிருந்து மூடிக்கொள்கிறது. அவர் பொடியை மட்டும் உருக்குகிறார், தங்கம் உருகாது. நீங்கள் இரும்பையே உருக்கிச் சேர்க்கிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான். நெருப்பைக் கண்ணால் அளக்கும் பழக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

அடுத்த வாரம் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்ததும் அதை அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் சாவியைக் கேட்டு வாங்கி, அவரைப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். கேட், கிரில் எதையும் காட்ட வேண்டாம். இரண்டு தகட்டுத் துண்டை ஒட்டி, கசடைத் தட்டி எடுத்து, அந்த ஒட்டை அவர் கையில் கொடுங்கள். விரலால் தடவிப் பார்ப்பார், குறை இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒட்டத் தொடங்குவதற்கு முன், பக்கத்தில் நிற்கும் அவருக்கும் ஒரு முகக்கவசம் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.